வேக்குவம் லிஃப்டர்: காற்றை நம்பிக் கல் தூக்குகிறவர்களுக்கு

பாலிஷ் முடிந்த ஒரு கிரானைட் ஸ்லாப்பை எடுத்துக்கொள்வோம். 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் கனம். கொக்கி மாட்ட ஓட்டை இல்லை, கயிறு கோக்கக் காது இல்லை. பெல்ட் கட்டினால் ஓரம் சிதறும். கிளாம்ப் போடலாம் என்றால், ஏற்கெனவே நிமிர்ந்து நிற்கும் பலகைக்குத்தான் அது சரிவரும். படுத்துக் கிடப்பதைத் தூக்கி நிமிர்த்த உதவாது. எடை எவ்வளவு? கிரானைட் ஒரு கன மீட்டர் சுமார் 2,700 கிலோ. அந்தக் கணக்கில் இந்த ஒரு பலகையே 290 கிலோவைத் தாண்டும்.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துக் கிரானைட் தொழிற்சாலைகளில் இந்த வேலையைச் செய்வது கிரேனில் தொங்கும் ஓர் இரும்புச் சட்டமும் அதில் பொருத்திய நாலைந்து ரப்பர் கப்புகளும்தான். கப்புக்குள் இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து எடுத்துப் பிடிக்கும் இந்தக் கருவிதான் வேக்குவம் லிஃப்டர். கண்ணாடி ஆலைகளிலும் இரும்புத் தகடு வெட்டும் லேசர் பட்டறைகளிலும் இதே கருவிதான். வேலை சுளுவாக முடியும், ஆள் பலம் மிச்சம், பொருளில் கீறல் இல்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. இரும்புக் கயிறு நைந்தால் பிசிறு தெரியும், கொக்கி விரிந்தால் வளைவு தெரியும். வேக்குவத்தின் பிடி தளர்வது கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற ஒரே இடம் வேக்குவத்தின் அளவைக் காட்டும் கேஜின் முள். அதைப் படிக்கத் தெரியாதவர் கையில் இந்த ரிமோட்டைக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

எது பிடிக்கிறது?

கப் கல்லை உறிஞ்சிப் பிடிக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் பிடிப்பது வெளியே இருக்கும் காற்று. கடல்மட்டத்தில் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 1 கிலோ எடைக்குச் சமமாக அழுத்திக்கொண்டே இருக்கிறது. பலகையின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்பதால் நமக்கு அது தெரிவதில்லை. கப்புக்குள் இருக்கும் காற்றைப் பம்ப் வெளியே எடுத்தால் அந்தப் பக்கம் அழுத்தம் குறைகிறது. மறுபக்கக் காற்று பலகையைக் கப்போடு சேர்த்து நெருக்குகிறது. அவ்வளவுதான்.

ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஓட்டோ ஃபான் குவெரிக்கே 1657இல் இதை ஊர் பார்க்கச் செய்து காட்டினார். சுமார் அரை மீட்டர் விட்டமுள்ள இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்து உள்ளே இருந்த காற்றை எடுத்தார். பக்கத்துக்கு எட்டுக் குதிரை பூட்டி இழுத்தும் பிரியவில்லை. வால்வைத் திறந்து காற்றை விட்டதும் கையாலேயே பிரிந்தன. லிஃப்டர் ஓட்டுபவர் குதிரைகளை மறந்தாலும் பரவாயில்லை, அந்த வால்வை மறக்கக் கூடாது. எவ்வளவு பெரிய பிடியானாலும் காற்று உள்ளே போக ஒரு சின்ன வழி கிடைத்தால் போதும்.

இதில் இருந்து ஒரு விஷயம் உடனே புரியும். எத்தனை குதிரைத்திறன் பம்ப் போட்டாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிடைக்கும் பிடி அந்த 1 கிலோவைத் தாண்டாது. வெளியே இருக்கும் காற்றே அவ்வளவுதான். பெரிய பம்ப் சீக்கிரம் உறிஞ்சும், சிறு கசிவைச் சமாளிக்கும். அதிக எடை தூக்கித் தராது. அதிக எடைக்கு வேண்டியது கப்பின் பரப்பளவு.

ஊரின் உயரமும் கணக்கில் வரும். ஓசூர் கடல்மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. ஊட்டியில் ஏறக்குறைய கால்பங்கு குறைவு. கேஜ் 0.6 பார் வேக்குவம் என்று காட்டினால் (1 பார் என்பது ஏறக்குறைய அந்தச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம்தான்) பிடி எந்த ஊரிலும் ஒன்றுதான். ஆனால் அந்த 0.6ஐ எட்டப் பம்ப் மேட்டில் அதிகம் திணற வேண்டும். தேய்ந்த பம்ப் சென்னையில், கேஜில் தூக்கலாம் என்று காட்டும் பச்சைக் கோட்டைத் தொடும், ஓசூரில் தொடாது. அப்போது கேஜ் பழுது என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டிருந்தால் வீண் வேலை.

படுத்தால் ஒரு கணக்கு, நிமிர்ந்தால் வேறு கணக்கு

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

30 சென்டிமீட்டர் விட்டமுள்ள கப் ஒன்று. பரப்பு சுமார் 707 சதுர சென்டிமீட்டர். 0.6 பார் வேக்குவத்தில் அது தாங்கும் விசை ஏறக்குறைய 430 கிலோ. நான்கு கப் என்றால் 1,720 கிலோ. இது காகிதக் கணக்கு. இதை அப்படியே நம்பி யாரும் தூக்குவதில்லை. ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 13155 இப்படிச் சொல்கிறது: கேஜின் முள் ஆபத்துப் பகுதியின் விளிம்புக்கு இறங்கிவிட்ட நிலையிலும், குறித்த எடையைப் போல குறைந்தது இரண்டு மடங்கைக் கப்புகள் தாங்க வேண்டும். ஆக, 0.6 பாரை அந்த விளிம்பாக எடுத்துக்கொண்டால், பலகை படுத்த நிலையில் இந்த லிஃப்டருக்கு 860 கிலோதான்.

இப்போது அதே பலகையை நிமிர்த்துங்கள். படுத்திருந்தபோது காற்றின் அழுத்தம் எடைக்கு நேர் எதிராக இருந்தது. நிமிர்ந்ததும் எடை கீழே இழுக்கிறது, காற்றோ பக்கவாட்டில் அழுத்துகிறது. பலகை சறுக்காமல் நிற்பது ரப்பருக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள உராய்வால் மட்டுமே. காய்ந்த, சுத்தமான பரப்பில் உராய்வு எண் சுமார் 0.5 என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். அதாவது பிடி பாதியாகிவிட்டது: 860 போய் 430 கிலோ. நம் 290 கிலோ ஸ்லாப் இதற்குள் அடங்குகிறது. சரி.

அடுத்தது ஈரம். பாலிஷ் லைனில் இருந்து வரும் ஸ்லாப் தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் வரும். மேலே கல்மாவுச் சேறு வேறு ஒரு படலமாக இருக்கும். ஈரத்தில் உராய்வு எண் 0.25 அளவுக்கு இறங்கினால் 430 என்பது 215 ஆகிறது. ஸ்லாப் 290. லிஃப்டர் அதேதான், ஸ்லாப் அதேதான், கேஜில் முள்ளும் அதே பச்சையில்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தூக்கல் இப்போது வரம்பு மீறியது. உடனே விழுந்துவிடும் என்பதில்லை. இரண்டு மடங்காக இருந்திருக்க வேண்டிய பாதுகாப்பு ஒன்றரையாகிவிட்டது. கிரேனில் மேலே கீழே தூக்கி இறக்கும் ஹாய்ஸ்ட் ஒரு குலுக்கல் குலுக்கினால், அதைச் சுமந்து ஓடும் டிராலி சட்டென்று பிரேக் போட்டால், அந்த ஒன்றரையும் கரையும். எண்ணெய் பூசிய இரும்புத் தகடு என்றால் உராய்வு இன்னும் மோசம்.

அதனால்தான் நல்ல லிஃப்டரின் பெயர்ப்பலகையில் படுத்த நிலைக்கு ஓர் எடையும் நிமிர்ந்த நிலைக்கு வேறோர் எடையும் இருக்கும். சில தயாரிப்பாளர்கள் நிமிர்த்தும் வேலைக்கு நான்கு மடங்குப் பாதுகாப்பு வைத்து எழுதுவார்கள். பெரிய எண்ணை மட்டும் படித்துவிட்டு நிமிர்த்தத் தொடங்குவது ஆபத்து. கப் வைக்கும் இடத்தை மட்டுமாவது வைப்பரால் வழித்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத் தூக்குங்கள். அரை நிமிட வேலை.

இன்னொரு எடைக் கணக்கும் இருக்கிறது. கிரேனின் கொள்ளளவில் பொருளின் எடையோடு லிஃப்டரின் எடையும் சேரும். அரை டன் ஜிப் கிரேனில் (தூணில் இருந்து கை நீட்டும் சின்னக் கிரேன்) 120 கிலோ லிஃப்டரை மாட்டினால் மீதி 380 கிலோதான். இதே ஸ்லாப் 3 சென்டிமீட்டர் கனமாக வந்தால் 437 கிலோ. அதற்கு இந்தக் கிரேன் போதாது.

பரப்பைப் பார்த்த பிறகுதான் கப்

பாத்ரூம் டைல்ஸில் ஒட்டும் பிளாஸ்டிக் ஹூக் வழவழப்பான இடத்தில் நாள்கணக்கில் நிற்கும், டைல்ஸ் இணைப்புக் கோட்டின் மேல் வைத்தால் ராத்திரிக்குள் விழும். தொழிற்சாலை லிஃப்டருக்கும் விதி அதேதான். கப்பின் விளிம்பு முழுவதும் பரப்போடு பதிய வேண்டும்.

பாலிஷ் போட்ட கிரானைட், கண்ணாடி, துருவில்லாத தகடு ஆகியவற்றில் தொல்லை இல்லை. தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல், மணற்கல், பிளைவுட் போன்றவற்றில் காற்று பொருளின் வழியாகவே உள்ளே வந்துகொண்டிருக்கும். இவற்றுக்கு மென்மையான ஸ்பாஞ்ச் விளிம்பு வைத்த கப்பும், இடைவிடாமல் உறிஞ்சும் பெரிய பம்பும் தேவை. கண்ணாடிக்கு வாங்கிய லிஃப்டரைக் கொண்டுவந்து மணற்கல்லில் வைத்தால், முள் பச்சைக்கு வருவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

கிரானைட்டில் நான் குறிப்பாகப் பார்க்கச் சொல்வது இரண்டு. ஒன்று, குறுக்கே ஓடும் விரிசல். கப்பின் அடியில் விரிசல் இருந்தால் அதன் வழியாகக் காற்று நுழையும். அதைவிட, தூக்கும்போது பலகையே அந்தக் கோட்டில் இரண்டாகலாம். இரண்டாவது, பின்பக்கத்து வலை. பலவீனமான கற்களுக்குப் பின்னால் ஃபைபர் வலை வைத்து ரெசின் பூசுவார்கள். அந்தப் பக்கம் கப் வைத்தால் கப் பிடிப்பது கல்லை இல்லை, வலையை. ரெசின் சரியாக ஒட்டாத இடமாக இருந்தால் வலை கப்போடு வரும், கல் கீழே போகும். கண்ணாடி, ஸ்டீல் தகடுகளின் மேல் ஒட்டி வரும் பாதுகாப்பு ஃபிலிமும் இதே கதைதான்.

மே மாத வெயிலில் யார்டில் கிடந்த கறுப்புக் கல்லைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூட்டில் ரப்பரும் இளகும். எந்த வெப்பநிலை வரை கப் தாங்கும் என்பது கையேட்டில் இருக்கும். காலையில் தூக்குவது நல்லது.

மெல்லிய தகடுகளில் வேறு பிரச்சினை. நடுவில் பிடித்துத் தூக்கினால் இரண்டு முனையும் தொங்கும். தகடு வளைய வளையக் கப்பின் விளிம்பு உரியத் தொடங்கும். நீளமான சட்டத்தில் பல கப்புகளைப் பரப்பிப் பிடிப்பதுதான் வழி. அடுக்கில் இருந்து எடுக்கும்போது எண்ணெயோ ஈரமோ அடியிலுள்ள தகட்டையும் ஒட்டிக்கொண்டு வரச் செய்யும். இரண்டாவது தகடு எங்கே, எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொஞ்சம் உயர்த்தி, பக்கத்தில் இருந்து குனிந்து பார்த்து, ஒன்றுதான் வருகிறது என்று உறுதி செய்த பிறகு மேலே ஏற்றுங்கள்.

தூக்குவது

கப்புகளின் நடுமையமும் பலகையின் நடுமையமும் ஒன்றாக இருக்க வேண்டும். சாய்த்து நிமிர்த்தும் லிஃப்டரில் இது ரொம்ப முக்கியம். மையம் தள்ளிப்போனால், சாய்ப்புப் பூட்டை எடுத்த கணமே கனமான பக்கம் தானாகச் சுழன்று வந்து நிற்கும். நடுவே யாருடைய முழங்காலாவது இருந்தால் அவ்வளவுதான். டேப் வைத்து அளந்து சாக்பீஸால் ஒரு குறி போட்டுக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கப்பை வைத்துப் பம்பை ஓட்டுங்கள். முள் பச்சைக்கு வரும்வரை ஹாய்ஸ்ட் பட்டனில் விரல் போகக் கூடாது. பச்சைக்கு வந்ததும் தரையில் இருந்து நாலைந்து சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி நிறுத்துங்கள். முள் அசையாமல் நிற்கிறதா? உஸ்ஸென்று சத்தம் வருகிறதா? பலகை ஒரு பக்கம் சாய்கிறதா? இந்த இடத்தில் தவறு தெரிந்தால் இறக்கிவைத்துச் சரிசெய்யலாம். இரண்டு மீட்டர் உயரத்தில் தெரிந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

நகர்த்தும்போது பலகையை எவ்வளவு தாழ்வாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. ஆளோ, கையோ, கால்விரலோ அடியில் போகக் கூடாது. நிமிர்ந்த பலகை விழுந்தால் முன்னாலோ பின்னாலோ சாயலாம் என்பதால், அதன் அகன்ற முகத்துக்கு எதிரே நிற்காமல் ஓரத்தின் பக்கம் தள்ளி நிற்க வேண்டும். ஆடாமல் இருக்கக் கயிறு கட்டிப் பிடிக்கலாம். சரியும் பலகையைக் கைகொடுத்துத் தாங்கப் போவது மனித இயல்பு. அதை முன்கூட்டியே சொல்லிச் சொல்லித்தான் மாற்ற வேண்டும். 290 கிலோ சரிந்தால் விட்டுவிட்டு ஓடுவதுதான் சரியான செயல். பட்டறைகளில் இன்று ஒடிசா, பீகார் தம்பிகள் நிறைய இருக்கிறார்கள். "விடு, விலகு" என்பதைத் தமிழில் கத்திவிட்டு அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைப்பது தப்பு. நிறுத்து, இறக்கு, விலகு ஆகிய மூன்றுக்காவது கைச்சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்தவெளியில் என்றால் காற்று வீசுவதையும் பாருங்கள். பெரிய கண்ணாடி பாய் மாதிரிக் காற்றை வாங்கும். காற்று ஓயும்வரை காத்திருக்கலாம்.

இறக்கும் இடத்தைப் பற்றி ஒன்று. லிஃப்டரில் இருந்து விழும் பலகையைவிட, ஏ ஃபிரேமில் (பலகைகளை இரண்டு பக்கமும் சாய்த்து அடுக்கும் A வடிவச் சட்டம்) இருந்து சாயும் பலகைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஒரே பக்கம் அடுக்கிக்கொண்டே போனால் ஃபிரேம் கவிழும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பலகை முழுதாக அமர்ந்து, உள்பக்கமாகச் சாய்ந்து, பட்டையோ கம்பியோ போட்டுக் கட்டிய பிறகுதான் வேக்குவத்தை விடுவிக்க வேண்டும். விடுவிப்பதற்குப் பல லிஃப்டர்களில் இரண்டு அசைவு தேவைப்படும்படி வைத்திருப்பார்கள். கை தவறிப் பட்டனில் பட்டால் பலகை விழக் கூடாதே என்பதற்காக. அது தொல்லையாக இருக்கிறதென்று ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒட்டியிருந்தால் பிய்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கரண்ட் போனால்?

எல்லோரும் கேட்கும் கேள்வி. பதிலை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

பம்ப் நின்றாலும் வேக்குவம் உடனே போய்விடாது. பம்புக்கும் கப்புக்கும் நடுவே ஒருவழி வால்வு இருக்கும். சேமிப்புத் தொட்டி ஒன்றும் இருக்கும். கரண்ட் போன பிறகும் குறைந்தது 5 நிமிடம் பலகையைத் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரநிலையின் கணக்கு. அலாரத்துக்குத் தனி பேட்டரி இருக்கும். அலாரம் கேட்டால் உடனே இறக்கு என்று கையேடு சொல்லும்.

ஆனால் கரண்ட் மொத்தமாகப் போயிருந்தால் ஹாய்ஸ்ட்டும் ஓடாதே! பலகை அந்தரத்தில், இறக்க வழியில்லை. இதைப் பலர் யோசிப்பதில்லை. அந்த 5 நிமிடம் உங்களுக்குக் கிடைத்திருப்பது முதலில் ஆட்களை அப்புறப்படுத்துவதற்கு. விழுந்தால் எட்டக்கூடிய தூரம்வரை எல்லோரையும் விலக்குங்கள், யாரும் உள்ளே வராமல் ஒருவரைக் காவல் நிறுத்துங்கள். சில ஹாய்ஸ்ட்டுகளில் பிரேக்கைக் கையால் தளர்த்தி மெல்ல இறக்கும் வசதி உண்டு. பழகியவர் இருந்தால், கையேடு அனுமதித்தால் மட்டும் செய்யலாம். அடியில் கட்டையை முட்டுக்கொடுக்க ஓடுவது கூடவே கூடாது. தாழ்வாகக் கொண்டுபோங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்: பத்து சென்டிமீட்டரில் இருந்து விழும் பலகை உடையும், ஆளைக் கொல்வது அரிது.

கட்டடத் தளங்களுக்கு அதே தரநிலை இன்னும் கண்டிப்பு. பலகையைச் சுற்றிச் செயின் போன்ற இயந்திரப் பிடி ஒன்று இருக்க வேண்டும், அல்லது தனித்தனி ஒருவழி வால்வுள்ள இரண்டு சேமிப்புத் தொட்டிகள் இருக்க வேண்டும்.

தினமும் பார்க்க வேண்டியது

காலையில் கப்புகளைத் தடவிப் பாருங்கள். விளிம்பில் வெட்டு, வெடிப்பு, இறுகிப்போன ரப்பர் இருந்தால் மாற்றிவிடுங்கள். சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும்; மண்ணெண்ணெய், தின்னர், பெட்ரோல் எல்லாம் ரப்பரைக் கெடுக்கும். பளபளப்பாக்கும் சிலிக்கோன் ஸ்பிரே அடித்தால் உராய்வே போய்விடும். ஹோஸ் மடங்கும் இடங்களில் விரிசல் பாருங்கள். கிரானைட் பட்டறையில் ஃபில்டரைக் கல்மாவு சீக்கிரம் அடைத்துவிடும்.

அப்புறம் கசிவுச் சோதனை. தரையில் கிடக்கும் வழவழப்பான, சுத்தமான பலகையில் கப்பைப் பதித்து வேக்குவம் ஏற்றிப் பம்பை நிறுத்திவிட்டு 5 நிமிடம் முள்ளைப் பாருங்கள். எவ்வளவு இறங்கலாம் என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரின் கையேட்டிலும் இருக்கும். அதைத் தாண்டி இறங்கினால் அன்று அந்த லிஃப்டருக்கு லீவு. அலாரம் ஒலிக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

இதுபோக, முழுச் சோதனை தனி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கும் கருவிகளைத் தகுதிபெற்ற ஒருவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுதாகச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும், தூக்கக்கூடிய எடை கருவியிலேயே தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்று வைத்தது. கிரேனுக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டு, அதன் கொக்கியில் தொங்கும் லிஃப்டரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நம் ஊர்ப் பழக்கம். இரண்டையும் காட்டுங்கள்.

சின்ன வேலைகளுக்குக் கையால் பம்ப் செய்யும் கப் வருகிறது. அதன் பம்பில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். கோடு வெளியே தெரிய ஆரம்பித்தால் வேக்குவம் குறைகிறது என்று அர்த்தம். இறக்கி வைத்து மறுபடி பம்ப் செய்யுங்கள். இரண்டு பேர் தூக்கும்போது ஒருவராவது அந்தக் கோடு தெரியும்படி பிடித்திருக்க வேண்டும்.

பழைய லிஃப்டர் விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் பெயர்ப்பலகையைப் பாருங்கள். படுத்த நிலை எடை, நிமிர்ந்த நிலை எடை, லிஃப்டரின் சொந்த எடை மூன்றும் படிக்கும்படி இருக்க வேண்டும். கையேடு இருக்க வேண்டும், அதே அளவுக் கப் இன்றும் கடையில் கிடைக்க வேண்டும். பெயர்ப்பலகையைப் பிய்த்துவிட்டுப் புதுப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால், விலை பாதிக்குப் பாதி என்றாலும் வேண்டாம்.